மஞ்சள் படமும் கடும்பச்சைச் செற்றியும்

மெல்பேர்னில் ஒரு நகரசபைக் கலைக்கூடத்தில் கண்காட்சிகளை அமைப்பது என் வேலை. எந்தப் படம் எந்தச் சுவரில், எதன் பக்கத்தில், எந்த உயரத்தில் என்று முடிவெடுப்பவள் நான். பொயிண்ட் குக்கில் என் தெருக்காரர்கள் இதை ஆணி அடிக்கிற உத்தியோகம் என்று நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மீதி வேலை, படத்துக்கும் பார்க்க வருபவருக்கும் நடுவில் யாரும் மூக்கை நுழைக்காமல் பார்த்துக்கொள்வது.

சென்ற வருடம் அரூப ஓவியங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தோம். ஆள், மரம், மாடு எதுவும் இல்லாமல் நிறமும் கோடும் மட்டுமான படங்கள். பெரிய சுவரை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு ஒதுக்கியிருந்தேன். ஆள் உயரத்துக்கு மஞ்சள், அடியில் பட்டையாகப் பச்சை, குறுக்கே ஒரு சிவப்புக் கீற்று. அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துவிட்டு, கிளேட்டனில் தன் வீட்டுக் கராஜில் நின்று மஞ்சள் பூசுகிறார். எனக்கு அந்தக் காரணம் போதும்.

என் மேலதிகாரிக்குப் போதவில்லை. நல்ல மனுஷி, வெள்ளைக்காரி. ஆனால் ஓவியர் அகதியாக வந்தவர் என்று தெரிந்த நாள் முதல், அவரிடம் பேசும்போதெல்லாம் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, துக்கம் கேட்க வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். படத்தின் பக்கத்தில் ஒட்ட அவரே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். மஞ்சள் எரிந்த வயலாம், பச்சை இழந்த ஊராம், சிவப்பு சிந்திய ரத்தமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவப்பின் கதை எனக்குத் தெரியும். ட்யூபில் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்ததாம், எறிய மனம் வரவில்லையாம்.

அந்தக் குறிப்பை ஓவியருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"இஞ்ச வந்த நாளிலயிருந்து எங்க போனாலும் உந்தக் கதையைத்தான் கேக்கினம், தங்கச்சி. நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். மஞ்சளையாவது சும்மா விடச் சொல்லுங்கோ."

குறிப்பு ஒட்டினால் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றார். மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். திறப்பு நாளில் குறிப்பு வேண்டாம். அன்று ஒருவராவது கதை கேட்காமல் படத்தைப் புரிந்துகொண்டால் சரி. இல்லையென்றால் திங்கட்கிழமை குறிப்பு சுவரேறும்.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் சேர்ந்தது. ஓவியர் தன் மனைவி செய்துகொண்டு வந்த மட்டன் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில், யாரோ விருந்தாளி மாதிரி ஒதுங்கி நின்றார். வந்தவர்களோ படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, வரைந்தவர் எந்த நாடு என்று என்னைக் கேட்டார்கள். எனக்குக் குறும்பு முளைத்துவிட்டது. வைன் கோப்பையோடு நின்ற ஒரு கனவானிடம் டாஸ்மேனியா என்றேன். உடனே அவருக்கு அதில் குளிர்காலத்து வெயில் தெரிந்தது. அடுத்தவரிடம் அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்றேன். பாலைவனம் வந்துவிட்டது. நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. ஒரு அங்கிள் நேராக ஓவியரிடமே போய் எந்த ஊர் என்று கேட்டு, பதில் கிடைத்ததும் படத்தைத் திரும்பிப் பார்த்து, எங்கட சனம் பட்ட பாடு அப்படியே இருக்கு என்று கண்ணைத் துடைத்தார். இவர் ரோல்ஸைப் பாதியில் வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் விளையாட்டு எனக்கே கசந்தது.

அப்போதுதான் ஒரு அன்ரி வந்தார். அவரும் இலங்கையின் வடக்குத்தான், வாயைத் திறந்ததுமே தெரிந்தது. படத்தின் முன்னால் நின்றார், இரண்டடி பின்னுக்குப் போனார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவர்தான் வரைந்தவர் என்று தெரியாமல் அவரிடமே கேட்டார்.

"தம்பி, இது எங்கட செற்றிக்கு மேல வடிவாயிருக்குமோ? செற்றி பச்சை."

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் தொழிலில் ஓவியரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அதுதான். சோபாவுக்குப் பொருந்துமா என்று கேட்டதற்காகச் சண்டை பிடித்துக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவரோ நிமிர்ந்து நின்றார். கடும்பச்சையோ இளம்பச்சையோ என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். அன்ரி போனில் செற்றியைக் காட்டினார். இரண்டு தலைகளும் அதன்மேல் குனிந்தன. கடும்பச்சைதான். கீழே இருக்கிற பச்சைப் பட்டை அதோடு அடிபடும், மஞ்சளும் செத்துப்போகும் என்று இவர் உண்மையைச் சொன்னார். அன்ரி மறுபடியும் படத்தை நன்றாகப் பார்த்தார்.

"ஓம், நீங்கள் சொல்றது சரி. அப்ப செற்றியை மாத்துவம்."

மேலதிகாரி என் தோளைத் தொட்டார். தலை சாய்ந்திருந்தது. ஓவியர் கண் கலங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன பேசுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். செற்றியைப் பற்றி என்றேன். நம்பவில்லை. கூட்டிக்கொண்டு போய் அன்ரியின் போனைக் காட்டினேன். மேலதிகாரி போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அந்தப் பச்சை வேண்டாம்தான் என்று அவரும் சொன்னார். குறிப்பைப் பற்றி அதன்பிறகு பேச்சே எடுக்கவில்லை.

அன்ரி போன பிறகு ஓவியர் இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தங்கச்சி, அந்த அன்ரி என்னட்ட ஊரே கேக்கேல்லை."