முந்தைய நாள் எழுதிய செய்தி

மக்கள் தொடர்பு வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது, விழாச் செய்தியை விழாவுக்கு முந்தைய நாளே எழுதிக் கொடுத்துவிடுவது. பிற்காலத்தில் கல்லூரியில் அதையே பாடமாக நடத்தினேன்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஓர் உர நிறுவனத்தின் விளம்பர அலுவலராக இருந்தேன். நைனார்பாளையத்தில் விவசாயிகள் கூட்டம். ‘இருநூறு பேர் கலந்துகொண்டனர்’ என்று எழுதி நிருபரிடம் கொடுத்துவிட்டு, கருணாபுரத்து மைக் செட்காரரோடு முதல் நாளே அங்கே போய்த் தங்கினேன்.

விடிந்தபோது சின்னசேலம் சாலையில் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. இடஒதுக்கீட்டுப் போராட்டம். மேலாளர் வரவில்லை. ஒருவருமே வரவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே நாங்கள் இருவரும் மாலைவரை உட்கார்ந்திருந்தோம்.

“நன்றியுரையாவது சொல்லிடுங்க சார், நான் கை தட்றேன்” என்றார் அவர்.

பொழுது சாயும் நேரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். மறியலுக்கு மைக் கட்டியவர் என்று போலீஸ் வழியிலேயே பிடித்துக்கொண்டது.

மறுநாள் செய்தி ஒரு சொல் மாறாமல் வந்திருந்தது. அந்தப் பேப்பரோடு அவர் மனைவி என்னிடம் வந்தார்.

“எங்க வூட்டுக்காரரு உங்ககூடத்தான சார் இருந்தாரு? மீட்டிங் நடந்துச்சுன்னு இதுலயே போட்டுக்கீதாம். ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க சார்.”

போனேன். இன்ஸ்பெக்டர் செய்தியைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த ரோட்ல நேத்து பூரா மரம் இழுத்துக்கினு இருந்தவன் நான். உன் இருநூறு பேரு இன்னா, பறந்து வந்தானுங்களா?”

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “கூட்டம் நடக்கல, இது பொய்ச் செய்தி, நீங்க ரெண்டு பேரும் சும்மா ஒக்காந்துக்கினு இருந்தீங்க. அப்படி எழுதிக் கையெழுத்துப் போடு. அவன விட்டுடறேன்.”

அதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதினால் என் வேலை போகும்.

“ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்” என்றேன்.

கம்பிக்குப் பின்னாலிருந்து மைக் செட்காரர், “சீக்கிரம் வாங்க சார்” என்றார். அவர் மனைவி வாசல்வரை கூடவே வந்தார்.

அலுவலகத்தில் மேலாளர் நிதானமாகச் சொன்னார்: “பேப்பர் கட்டிங் ஹெட் ஆபீஸ் போயிடுச்சு. பாராட்டி போன் வந்துடுச்சு. நீ எதுவும் எழுதிக் குடுக்காத.”

எழுதவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. அன்று மாலை மைக் செட்காரரைக் கடலூர் சிறைக்குக் கொண்டு போனார்கள்.

ஜாமீனில் வந்தபோது அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. மைக் செட்டை விற்றுவிட்டுச் செங்கல் சுமக்கப் போனார். ஒருமுறை பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்து, “நல்லாக்கிறீங்களா சார்?” என்று கேட்டார். நான் சொன்னது அவருக்குக் கேட்டதா தெரியாது.

சில ஆண்டுகள் கழித்து விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். என் பணிக்கு மாதிரியாக அந்தச் செய்தியையும் இணைத்திருந்தேன். நேர்காணலில் ஒருவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மறியல் சமயத்துலகூட இவ்வளவு கூட்டமா?”

“ஆமாங்க” என்றேன்.