களை இல்லீங்க, சொடக்குத் தக்காளி

விதைக்காமல் முளைப்பதை விற்கிறவனுக்குப் பாதி நேரம் அதன் பேரைச் சொல்வதிலேயே போய்விடும். கூடை சுமந்து விற்ற யாருக்கும் இது தெரியாததல்ல. தொண்ணூறுகளில் கிணத்துக்கடவு பஸ் நிறுத்தத்தில் நான் சொடக்குத் தக்காளி விற்றேன். காகிதப் பை மாதிரி ஒரு தோல், அதற்குள் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய பழம். மழைக்குப் பின் சோளக்காடுகளில் தானாக வரும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதை வைத்துத்தான்.

நெற்றியில் வெடித்தவர்

மீசை வைத்த மில்காரர் ஒருவர், விலைகூடக் கேட்காமல் ஒன்றை எடுத்து நெற்றியில் டப்பென்று வெடித்தார். அடுத்து இன்னொன்று. தோல் போனால் பழம் சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்றேன். மூன்றாவதையும் வெடித்துவிட்டு பஸ் ஏறினார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா, நல்லா வெடிக்குது. சரக்கு நல்ல சரக்குத்தான்!"

பாலக்காட்டு அம்மா

பஸ் ஜன்னலில் இருந்து பாலக்காட்டு அம்மா ஒருவர் என் கூடையைப் பார்த்து, "ஞொட்டாஞொடியன்! ஞொட்டாஞொடியன்!" என்று கத்தினார். அவர்கள் ஊரில் இதற்கு அதுதான் பேர். கீழே நின்ற கண்டக்டருக்கு முகம் சுருங்கிப்போனது.

"ஏம்மா, மிச்சச் சில்லறை குடுத்துட்டேனே, அப்புறம் எதுக்கு வையறீங்க?"

வாய்ப்புண்

ஓர் அம்மா வாய்ப்புண்ணுக்குக் கேட்டு வந்தார். அது மணத்தக்காளிங்க, இது வேறங்க என்று உண்மையைச் சொன்னேன். இதன் இலையை அரைத்துக் கட்டிக்குப் பத்துப் போடுவார்கள், பழத்தைச் சும்மா தின்னலாம் என்றேன்.

"தக்காளிங்கறீங்க, ரசத்துக்கும் ஆகாது, வாய்ப்புண்ணுக்கும் ஆகாது. அப்புறம் எதுக்குங்க அந்தப் பேரு?"

கொய்யாக்காரர்

பக்கத்தில் கொய்யா விற்றவர் நாச்சிமுத்து. ஒரு நாள் என்னிடம் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் அவராகவே வந்து பேசினார். அந்தப் பெண் பழத்தைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டது. பேச்சு பரவியது. அதற்குப் பிறகு பல நாள் நிறைந்த கூடையோடுதான் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னது இதுதான்:

"ஏனுங்கம்மணி, அது களைங்க. எங்க காட்டுல புடுங்கி வரப்புல வீசறதுங்க."

மசக்கை

அடுத்த மழைக்கு, அவர் மகள் மசக்கையோடு தாய்வீடு வந்தது. தின்றது எதுவும் வயிற்றில் தங்கவில்லையாம். நாச்சிமுத்து என் முன்னால் வந்து தலையைச் சொறிந்தார்.

"அதுல ஒரு பொட்டலம் குடுங்க."

"எதுலீங்க?"

"அதுதானுங்க."

"அதுக்கு ஒரு பேரு இருக்குதுங்களே."

முணுமுணுத்தார். பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்றேன். மனசு இளகவில்லை எனக்கு. ஆனால் காய் ஒன்றுகூடக் கலக்காமல், பழுத்ததாகப் பார்த்துத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"சொடக்குத் தக்காளிங்க! எம் புள்ள இதைத் தவிர வேற ஒண்ணும் வாயில வெக்க மாட்டீங்கறாளுங்க!"

அந்தச் சத்தத்துக்கு ஜன்னல்களில் இருந்து கைகள் நீண்டு என் கூடை காலியானது. ஆனாலும் நாச்சிமுத்துவின் கொய்யாவை நான் இன்றுவரை கடித்ததில்லை.