எண்ணெய்ப் படலமும் இரண்டு ஓரகத்திகளும்

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர் வேலை பார்த்தார்கள். பெரியவள்தான் முதலில் வந்தவள். சுழலும் தட்டுக்கும் எஃகுக் குண்டுக்கும் நடுவே எண்ணெய் நிற்கிறதா, இல்லை இரும்பும் இரும்பும் உரசுகிறதா என்று மின்சாரம் விட்டுப் பார்ப்பாள். எண்ணெய் மின்சாரத்தைத் தடுக்கும். உரசினால் மீட்டர் முள் சடக்கென்று விழும். அவள் மீட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சின்னவள் கொண்டுவந்த கருவியோ, படலத்தின் இருபுறமும் எவ்வளவு மின்சாரம் தேங்குகிறது என்பதை வைத்து அதன் தடிமனையே சொல்லிவிடும், தலைமுடியில் நூறில் ஒரு பங்காக இருந்தாலும்!

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மாமியார் சின்னவளின் கைப்பக்குவத்தைக் கொண்டாடுகிறார், இங்கே வந்தால் மேலாளரும் அதே பாட்டு. யாருக்குத்தான் பொறுக்கும்? போதாக்குறைக்கு, புதிய சோதனை அறையின் பொறுப்பு இருவரில் ஒருவருக்குத்தான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஓர் எண்ணெயின் படலம் நல்ல தடிமன் என்று சின்னவள் சொன்னாள். பெரியவள் அதையே தன் மீட்டரில் வைத்துப் பார்த்தாள். முள் விழவில்லை. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அப்படிக் கூட்டக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் தலையில் குட்டிச் சொன்னவளே அவள்தான். பொறாமை கண்ணை மறைத்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். முள் விழுந்தது.

"பாருங்க சார், உரசுது! தடிமனாம் தடிமன்!" என்று மேலாளரிடம் போய் நின்றபோது அவள் முகத்தில் அப்படியொரு களை.

சின்னவள் குண்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பிறகு பெரியவளைத் தனியே கூப்பிட்டாள். மூலையில் நான் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"அக்கா, உரசியிருந்தா கீறல் இருக்கணும். இது பூரா குட்டிக் குட்டிக் குழி. வோல்ட் கூடிப்போய், மின்பொறி எண்ணெயத் துளைச்சிருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல. குறைச்சு வச்சு இன்னொரு தடவை பாத்துட்டு, நீங்களே சொல்லிடுங்க."

பெரியவள் குறைத்து வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. போய்ச் சொன்னாள். பொறுப்பு சின்னவளுக்குப் போனது.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில், ஆறுதலாக இருக்கட்டுமே என்று நான் வாயைக் கொடுத்தேன். "நல்ல பொண்ணும்மா அவ. உன்னைக் காட்டிக் குடுக்கல பாத்தியா?"

"அதாண்ணே தாங்க முடியல," என்றாள். "நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தியிருந்தா, காலம் பூரா அவளைத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்."