பக்கத்தில் உட்கார்ந்தவளின் பெயர்

நான் வேலை பார்க்கும் பட்டுக் கடையில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். மாடியில் ஒரு அறை, ஒரு மின்விசிறி, பேச ஆள் கிடையாது. வீட்டிலும் அதே கதை. அம்மா போன பிறகு எனக்கு வரும் போனெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்பவைதான். அவர்களிடமும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டுத்தான் வைப்பேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

போன ஐப்பசியில் முதலாளி ஒரு ரிப்போர்ட் கேட்டார். எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு கொடுத்தோம், நெய்து வந்த புடவைகளின் எடை என்ன, தறியில் உட்கார்ந்தது யார், எல்லாம் ஒரே தாளில் வேண்டுமாம். பட்டு கொடுத்த பட்டியலையும் ஆள் பட்டியலையும் எஸ்க்யூஎல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இணைத்தேன். தறிவாரியாகக் கூட்டி அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேர வேலை. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு தறியில் மட்டும் கிட்டத்தட்டப் பாதிப் பட்டைக் காணவில்லை. அந்தத் தறிக்காரர் எங்களுக்குப் பல வருடமாக நெய்பவர். வெளியே விற்றிருக்கிறார், இனி அவருக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுக்கக் கூடாது என்று முதலாளி குதித்தார். அது வெளியே தெரிந்தால் காஞ்சிபுரத்தில் வேறெந்தக் கடையும் அவரை நம்பிப் பட்டு கொடுக்காது. கூப்பிட்டு விட்டார்கள். அவர் மாடியேறி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"நான் எடுக்கல மா. நீயே நல்லாப் பாரு."

என் வேலையையே சந்தேகப்படுகிறாரே என்று சுருக்கென்றது. காட்டிவிடுகிறேன் பார் என்று கூட்டாமல் ஒவ்வொரு வரியாகத் திறந்தேன். ஒவ்வொரு முறை கொடுத்த பட்டும் இரண்டு தடவை வந்திருந்தது. அதே தேதி, அதே எடை. கடைசி இரண்டு முறை மட்டும் ஒற்றை வரி. சமீபத்தில் என்ன மாறியது என்று கேட்டேன்.

"எம் பொஞ்சாதி தவறிட்டா மா, ஆடியில. இப்ப ஒத்தையா உக்காந்துக்கினு பிளைன் புடவைதான் போடறேன்."

ஆடி வரை அவர் நெய்தவை கோர்வைப் புடவைகள். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைப் பக்கம் நூல் சுற்றிய நாடாவைத் தள்ளத் தறியில் இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் மனைவிதான் உட்காருவாள். ஆனால் ஒவ்வொரு முறை பட்டு கொடுக்கும்போதும் ஆள் பட்டியலுக்குப் பெயர் கேட்டால் மற்ற ஆண்களெல்லாம் தங்கள் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் ஒருவர்தான் மனைவி பெயரையும் எழுதச் சொன்னார். நான்தான் பதிந்தேன். ஒரு தடவை நிறுத்துக் கொடுத்த பட்டு இரண்டு பெயரோடும் சேர்ந்து இரண்டு வரியாகி, இரண்டு தடவை கூட்டப்பட்டிருக்கிறது. பெண்டாட்டி பெயரைச் சொன்ன பாவத்துக்கு மனுஷனைத் திருடனாக்கிவிட்டேன்.

பதற்றத்தில், ஒரே எடை திரும்ப வந்தால் ஒரு முறை மட்டும் கூட்டு என்று டிஸ்டிங்க்ட் போட்டேன். அது அடுத்த முட்டாள்தனம். வேறு வேறு நாளில் உண்மையாகவே கொடுத்த சம எடைப் பட்டும் காணாமல் போய், வாங்கியதைவிட அதிகமாக அவர் நெய்து கொடுத்ததாகக் காட்டியது. மேலே வந்து பார்த்த முதலாளி, அந்த அம்மாள் பெயரை அழித்துவிட்டால் முடிந்தது, அவள்தான் இல்லையே என்றார்.

"அவங்களும் சேர்ந்து நெய்த புடவை சார். பேர் இருக்கட்டும்."

என் குரல் அவ்வளவு ஓங்கும் என்று எனக்கே தெரியாது. ஆள் பட்டியலைத் தொடாமல் பட்டை மட்டும் முதலில் தறிவாரியாகக் கூட்டினேன். தறிக்கு ஒரே வரி வந்தது. பெயர்களையும் தறிக்கு ஒரே வரியாகச் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகே இரண்டையும் இணைத்தேன். சேதாரம் போகக் கணக்கு நேராயிற்று. தாளில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தறிக்காரர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்பது முதலாளிக்குப் பழக்கமில்லை. அதற்குப் பதில் நல்ல கோர்வைப் பாவு ஒன்றை எடுத்துவரச் சொல்லி நீட்டினார். அரக்குக்குப் பச்சைக் கரை. தறிக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கோர்வை வேணாங்க. பக்கத்துல ஆள் இல்ல."

பிளைன் பாவை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான் ஆள் பட்டியலைத் திறந்து அந்தப் புதுப் பாவுக்கு அவர் பெயரை மட்டும் பதிந்தேன். இனி எப்படிக் கூட்டினாலும் அவர் கணக்குத் தப்பாது.