எட்டு வந்த என் போன் நம்பர்

என் போன் நம்பர் ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பத்து இலக்க எண். காலேஜ் லேபில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்பரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் போன் போட்டு உயிரை எடுப்பார்கள்.

அந்த நம்பருக்குத்தான் வந்தது வினை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வருஷம் அனந்தபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை இன்ஜினியர். எனக்கும் பிடித்திருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். தேதி குறிக்க வந்த அன்று, அவருடைய அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"உன் நம்பரக் கூட்டிப் பாத்தோம்மா. எட்டு வருது. எட்டு சனியாச்சே! கல்யாணத்துக்கு முன்னாடி சிம்ம மாத்திடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் எட்டு நின்றால், அந்த எண்ணை ஒன்பதால் வகுக்கும்போது மீதி எட்டு. அவ்வளவுதான் சங்கதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவது. இதில் சனி எங்கே வந்து உட்கார்ந்தான்? இவர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஒன்பது வந்தால், அந்த எண் ஒன்பதால் வகுபட்டே தீரும். பகா எண்ணாக இருக்கவே முடியாது.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். கணக்குப் படித்தவர், ஒரு வார்த்தை சொல்வார் என்று. அவர் போனைத் தடவிக்கொண்டே, "சிம்முதான, மாத்திட்டா போவுது. இதுக்கு இன்னா டென்ஷன்?" என்றார்.

என்னைப் பெற்ற நைனா கெஞ்சுவதுபோல் என்னைப் பார்த்தார். ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. அவர் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "மாத்த வேணாங்க. வெளிநாட்டுலேர்ந்து கூப்பிட்டா முன்னாடி தொண்ணூத்தொண்ணு போடுவாங்க இல்ல? அதையும் சேத்துக் கூட்டுங்க."

அந்தம்மா விரல்விட்டுக் கூட்டினார். எட்டோடு ஒன்பதும் ஒன்றும் சேர்ந்தால் பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது.

"அட, ஒம்போது! இத மொதல்லியே சொல்லக் கூடாதா? நீ மகாலட்சுமிம்மா!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சற்று முன்னால் சனி, இப்போது மகாலட்சுமி. நடுவில் என் படிப்பும் மாறவில்லை, குணமும் மாறவில்லை. இரண்டு இலக்கத்தை முன்னால் ஒட்டினேன், அவ்வளவுதான். அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"நாளைக்கு எனக்கு எட்டாந் தேதி கொழந்த பொறந்தா? அதுக்கு முன்னாடி எத ஒட்றது?"

அந்தம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதான் ஆபரேஷன் இருக்குதே! டாக்டராண்ட சொல்லி ரெண்டு நாள் முன்னாடியே எடுத்துடலாம். இப்பல்லாம் அப்டித்தாம்மா." மாப்பிள்ளை போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஆட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"காபி குடிச்சிட்டீங்கன்னா கெளம்புங்க," என்றார். "எம் பொண்ணு நம்பர கூட்டவும் வேணாம், கழிக்கவும் வேணாம்."