வேட்டி அழுக்காகும் என்று குனியாத காலை

அன்றைக்கு நான் குனிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு யார்டில் நானும் என் அக்காவின் கணவரும் ஒரே கண்டெய்னர் வண்டியை முறைபோட்டு ஓட்டினோம். வேலை முடிந்து போகிறவர் அடுத்த டிரெய்லரை மாட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். முன்வண்டியை ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லரின் அடியிலுள்ள கிங் பின் என்ற இரும்பு முளை முன்வண்டியின் பின்பக்கத் தட்டில் வந்து உட்காரும், லாக் அதைக் கவ்வும், 'டக்'கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பக்கூடாது. அந்த முளை சற்று உயரத்தில் நின்றுவிட்டால், லாக் ஒன்றையும் கவ்வாமலே மூடிக்கொண்டு அதே சத்தத்தைக் கொடுக்கும்.

மாமா சாவியை வாங்கும்போது தினமும் கேட்பார்: "லாக் பாத்தியா மச்சான்?" பார்த்தேன் என்றால் போதும், ஏறி உட்கார்ந்துவிடுவார். எனக்கு அந்தக் கேள்வியே எரிச்சல்.

அன்று கருட சேவை. பெருமாள் எங்கள் தெருப் பக்கம் வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். டிரெய்லர் வரத் தாமதமானதால் யார்டிலேயே குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டேன். பிறகுதான் டிரெய்லர் வந்தது. அடியெல்லாம் கிரீஸ். சத்தம் கேட்டது, இறங்கிவிட்டேன்.

"லாக் பாத்தியா மச்சான்?"

"பாத்தேன்னு எத்தினி வாட்டி மாமா சொல்றது? நான் என்னா நேத்து வந்தவனா?"

"கோச்சிக்காதபா. போ, சாமி வந்துகினு இருக்கும்."

கேட்டைத் தாண்டித் திரும்பும்போது டிரெய்லர் கழன்று மூக்குக் குத்தி விழுந்ததாம். யாருக்கும் அடியில்லை, அந்த மட்டும் பெருமாள் புண்ணியம். "யாருய்யா மாட்டுனது?" என்று மேனேஜர் கத்தியதற்கு, "நான்தான் சார்" என்றிருக்கிறார் மாமா. என் மனைவி அப்போது நிறைமாதம். மாமாவுக்கு அன்றே வேலை போனது.

மறுநாள் நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் இருந்ததே! சொல்லவில்லை. அக்காவிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை, பாவி நான்.

சில வருடம் கழித்து மாமா சின்ன லோடு வண்டி ஓட்டினார். நான் வீடு மாறியபோது அவர்தான் சாமான் ஏற்ற வந்தார். பின்கதவைச் சாத்திவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொக்கி போட்டுட்டேன் மாமா."

"சரி மச்சான்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. இறங்கிப் பின்னால் போய், கொக்கியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.