ஊமைத் தளபதியின் தங்கை

சென்ற வாரம் செங்கம் சாலையில் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "ஏய், அவன்தான் போன பார்ட்லயே செத்துட்டானே, இதுல எப்டிடி வந்தான்?" என்றாள்.

மற்றவள் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு சொன்னாள். "செத்தது இந்த உலகத்து ஆளு. இவன் வேற உலகத்து ஆளு. நடுவுல ஒரு சீரிஸ் வந்துச்சே, அத நீ பாக்கல. அதான் புரியல."

"எத்தினி எபிசோடு?"

"எட்டுதான்."

"போடி, செமஸ்டருக்கே நான் இவ்ளோ படிக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். தலை நரைத்த ஆள் கல்லூரிப் பெண்களின் பேச்சைக் கேட்டுத் தனியாகச் சிரித்தால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? அவர்கள் பேசிக்கொண்டிருந்தது 'சூறாவளிப் படை' படங்களைப் பற்றி. பதின்மூன்று படம், இரண்டு சீரிஸ். நான் எல்லாவற்றையும் பார்த்தவன். அந்தப் பெண் கேட்ட சந்தேகத்துக்கு இன்னும் நல்ல பதில்கூட என்னிடம் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. அந்த யோசனையிலேயே ரமணாசிரமம் நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்தேன்.

வழியில் யாரோ ஒரு காதுகுத்து விழாவுக்கு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸ் வெயிலில் சூடானால் ஒரு வாடை வரும். மண்ணெண்ணெயும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி. மற்றவர்களுக்குத் தலைவலி வரும். எனக்கு யூசுப் ஞாபகம் வரும்.

என் முதல் வேலை ஒரு ஃப்ளெக்ஸ் கடையில். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் சைக்கிளில் டவுனுக்கு வருவேன். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, பௌர்ணமிக்கு வரும் பக்தர்களை வருக வருக என்று வரவேற்கும் கட்சிக்காரர்கள். ஒரு தடவை கண்ணீர் அஞ்சலிக்கு அவசரத்தில் பிறந்தநாள் பலூன்களைப் பின்னணியாக வைத்துவிட்டேன். அச்சாகி வந்ததைப் பார்த்து முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர் வருவதற்குள் அதை அப்படியே சுருட்டி ஒளித்துவைத்து, வேறு ஒன்று அடிக்கவைத்து என்னைக் காப்பாற்றியவன் யூசுப். அச்சாகி வரும் ஃப்ளெக்ஸின் ஓரத்தை மடித்து ஒட்டி, கயிறு கட்ட வளையம் அடிப்பது அவன் வேலை. என்னைவிட நான்கைந்து வயது பெரியவன். ஒல்லி, எப்போதும் நிதானம், வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை.

நான் சூறாவளிப் படையை மூன்றாம் பாகத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்கினேன். தமிழில் டப்பிங் செய்து வந்தது. ஒன்றும் புரியவில்லை. யார் நல்லவன், யார் கெட்டவன், எதற்காக அழுகிறார்கள், ஒன்றும். மறுநாள் கடையில் புலம்பியபோது யூசுப் வளையம் அடிப்பதை நிறுத்தாமலே கேட்டான்.

"மொத ரெண்டு பார்ட் பாக்கலியா நீ?"

"இல்லண்ணே."

"அப்ப எப்டி புரியும்? உக்காரு, சொல்றேன்."

நான்கு நாள் சொன்னான். ஊமைத் தளபதி என்று ஒரு பாத்திரம். உலோகக் கவசம் மாட்டியவன், வாயே திறக்கமாட்டான், ஊரையே அழிப்பான். அவன் ஏன் அப்படி ஆனான் என்று யூசுப் ஒரு கதை சொன்னான். தளபதிக்கு ஒரு தங்கை. இவன் உடம்பில் இருக்கும் ஒரு சாபத்தால் அவளுக்கு எங்கேயும் வாழ்க்கை அமையாமல் போகிறது. அந்தச் சாபத்தை வெளியே சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவன் பேசுவதையே விட்டுவிடுகிறான். படத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். இந்த முறை தளபதி வரும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தியேட்டரில் வில்லனுக்காக அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் மெஷின் ஓடாது. அப்போது லாட்ஜ் வரவேற்பில் வேலை செய்த சுதாகர் வருவான், அவனோடு இன்னும் இரண்டு பேர். ஐந்து பேரும் தரையில் பழைய ஃப்ளெக்ஸை விரித்து உட்கார்ந்து இந்தப் படங்களைப் பற்றியே பேசுவோம். படம் வரவரச் சிக்கலாகிக்கொண்டே போனது. காலத்தைத் திருப்பினார்கள், செத்தவர்கள் வந்தார்கள், ஒரே ஆள் மூன்று உலகத்தில் மூன்று பேராக இருந்தான். சண்டை முற்றினால் தீர்ப்பு சொல்வது யூசுப்தான். ஆனால் உடனே சொல்லமாட்டான். என்னைப் பார்த்து, "மொதல்ல நீ சொல்லு, நீ பாத்தத அப்படியே சொல்லு" என்பான். நான் ஆதியோடந்தமாகச் சொல்வேன். கேட்டு முடித்துவிட்டு விளக்கம் கொடுப்பான். எங்களோடு மட்டும் ஒரு படத்துக்கும் வந்ததில்லை. "நான் வேலூர்லயே மொத நாளே பாத்துட்டேன்டா" என்பான். பெரிய ரசிகன், பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் ஸ்மார்ட்போன் வாங்கினேன். முதல் வேலையாக அந்த முதல் இரண்டு பாகங்களைப் பார்த்தேன். தங்கையே இல்லை. சாபமும் இல்லை. தளபதி ஊமையாக இருப்பதற்குக் காரணம், ஏதோ விபத்தில் தொண்டையில் அடிபட்டது. அவ்வளவுதான்.

இன்றைக்கு யோசித்தால், இதற்குப் போய் அவ்வளவு கோபமா என்று இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் அந்தத் தங்கைக்காகச் சுதாகரோடு சண்டைபோட்டு, "அப்டி ஒருத்தியே இல்லடா லூசு" என்று கேலி வாங்கியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"அண்ணே, நீங்க உண்மையாவே அந்தப் படத்தப் பாத்தீங்களா? எந்தத் தியேட்டர்ல பாத்தீங்க?"

யூசுப் என்னைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த வளையங்களைப் பார்த்தான்.

"இன்னா யூசுப், வாயத் தொற" என்றான் சுதாகர். "நீயும் ஊமைத் தளபதி ஆயிட்டியா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. யூசுப் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கமான நிதானத்தோடு நடந்து போனான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவன் வேலைக்கு வரவில்லை. புதன்கிழமை முதலாளி என்னைத்தான் அனுப்பினார். மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அவன் தங்கை பர்வீன் வந்து கதவைத் திறந்தாள். கூடத்தில் யூசுப் சுவர்ப்பக்கம் திரும்பிப் பாயில் படுத்திருந்தான். நெற்றியில் கட்டு.

"நேத்து காலையில வுழுந்துட்டாரு" என்றாள் பர்வீன் தணிந்த குரலில். "சின்ன வயசுலேர்ந்தே வலிப்பு இருக்குதுங்க. லைட்டு விட்டு விட்டு எரிஞ்சா ஆவாது. தூக்கம் கம்மியானாலும் வந்துடும். ரெண்டு ராத்திரியா தூங்கவே இல்ல."

எனக்கு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. கடையில் டியூப் லைட் மினுக்கினால் முதலில் எழுந்துபோய் அணைப்பவன் அவன்தான். முதலாளியின் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறான் என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

"அந்தப் படத்தோட மொத பார்ட்டுக்குப் போயி, பாதியிலயே வந்துடுச்சு. நாலு பேரு தூக்கினு வந்தாங்க. அதுக்கப்புறம் தியேட்டர் பக்கமே போனதில்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா. இதனால ரெண்டு எடம் தட்டிப் போச்சு எனக்கு."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய முடியும்? பாதிப் படம் பார்த்தவன். மீதியைப் போஸ்டரிலிருந்தும் பேப்பரிலிருந்தும் என் வாயிலிருந்தும் எடுத்து அவனே கட்டியிருக்கிறான். அவனைத்தான் நான்கு பேர் முன்னால் எந்தத் தியேட்டர் என்று கேட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது பர்வீன் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "நீங்க பாத்துட்டு வந்து சொல்றத, இவரு வந்து எங்களுக்குச் சொல்வாரு. அதுல தளபதிக்கு ஒரு தங்கச்சி வர்றா இல்ல? அவளுக்குக் கடைசில இன்னா ஆச்சு? கேட்டா சொல்லவே மாட்றாரு."

பாயில் யூசுப் அசைந்தது தெரிந்தது.

"அடுத்த பார்ட்ல வருவாங்க" என்றேன். "நல்ல எடத்துல கல்யாணம் ஆவும்னு பேசிக்கிறாங்க."

பர்வீன் சிரித்தாள். யூசுப் திரும்பவில்லை.

நான்கு நாள் கழித்து வேலைக்கு வந்தான். மதியம் சாப்பிடும்போது, "இன்னாடா, நீயும் கத கட்ட ஆரம்பிச்சிட்ட" என்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வுட்றா, சோறு ஆறுது" என்று தன் டப்பாவிலிருந்து ஒரு கறித்துண்டை என் தட்டில் வைத்தான். அதோடு அது முடிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவதில்லை. மற்றவர்கள் அவனை 'டுபாக்கூர்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். பர்வீனுக்குக் கொடுத்த வாக்கு இருந்ததால் என்னால் அவர்கள் வாயை அடைக்க முடியவில்லை. வேலை நாளில் கடைப் பக்கம் வந்தாலும் யூசுப் காதில் விழும்படியே கூப்பிடுவார்கள். அவன் வளையம் அடித்துக்கொண்டிருப்பான்.

அடுத்த வருடம் பர்வீனுக்கு ஆம்பூரில் கல்யாணம் ஆனது. கல்யாண ஃப்ளெக்ஸை நான்தான் டிசைன் செய்தேன், பலூன் கிலூன் இல்லாமல். மாப்பிள்ளை அங்கேயே ஒரு ஷூ கம்பெனியில் யூசுப்புக்கு வேலை பார்த்துக் கொடுத்தார். குடும்பமே போய்விட்டது. பஸ் ஏறும்போது, "அடுத்த பார்ட் வந்தா பாத்துட்டு நேரா வந்துடு. போன்லலாம் சொல்லாத, ருசி இருக்காது" என்றான்.

அடுத்த பாகம் வந்தது. பார்த்தேன். ஆம்பூர் என்ன சீமையிலா இருக்கிறது? காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். அந்த மாதம் வேலை ஜாஸ்தி. அதற்கடுத்த மாதம் தீபத் திருவிழா. பிறகு என் கல்யாணம். அதற்குள் இன்னொரு பாகம் வந்துவிட்டது. சரி, இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒருநாள் அவன் எண்ணுக்கு அடித்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஆம்பூருக்குப் போய் ஷூ கம்பெனி ஷூ கம்பெனியாக விசாரித்திருக்கலாம்தான். போகவில்லை.

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் பிரியாணிக் கடை ஓடுகிறது. நாங்கள் படம் பார்த்த தியேட்டரை இடித்துப் பௌர்ணமிக்கு வரும் வண்டிகள் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். சுதாகர் பெங்களூரில் இருக்கிறான், எப்போதாவது ஏதாவது ஃபார்வர்டு அனுப்புவான். படம் புரியவில்லை என்றால் இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. போனைத் தட்டினால் முகம் தெரியாத ஒருவர் பத்து நிமிடத்தில் பதின்மூன்று படத்தையும் விளக்கிவிடுகிறார். ஒரு தப்பும் இருக்காது.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பாகம் வெளியானது. மேட்னி போனேன். பாதி அரங்கம் காலி. என் வரிசையில் நான் மட்டும்தான். வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"படம் எப்டி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"காபி போடட்டா?" என்று எழுந்து உள்ளே போனாள்.